தாமஸ் பியூவிக்: அச்சுக்கட்டையும் மையும் அறிந்த செதுக்கோவியர்

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் வாழ்ந்த மரச்செதுக்கோவியர் தாமஸ் பியூவிக் (1753–1828), பறவைகளையும் விலங்குகளையும் நுண்மையாக வரைந்தவர் என்றே பெரிதும் அறியப்படுகிறார். அவரது புகழுக்கு வரைதிறன் மட்டும் காரணமன்று. செதுக்கிய கட்டையின் மேல் மை எவ்வாறு படியும், தாள் எவ்வளவு அழுத்தம் பெறும் என்பவற்றை முன்கூட்டியே கணித்துச் செதுக்கியமையே அவர்தம் தனித்தன்மை என்பதை அவரது வாழ்க்கை நிகழ்வுகளின் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: புடைப்பு அச்சு, அச்சுக்கட்டை, குறுக்குவெட்டு, வெண்கோடு, கட்டை தாழ்த்துதல், அச்சு மை.

முன்னுரை

அச்சுப் பண்பாடு குறித்த நம் ஆய்வுகள் எழுத்துருக்கள், பதிப்பாசிரியர்கள், அச்சகங்கள் ஆகியவற்றில் மிகுந்த கவனம் செலுத்தியுள்ளன. எழுத்துகளோடு ஒரே சட்டத்தில் பூட்டி அச்சிடப்பட்ட படக்கட்டைகள் அந்த அளவு கவனம் பெறவில்லை. அச்சகத்தார் ‘பிளாக்’ என வழங்கும் அக்கட்டைகள் உலோகத்தாலும் ஒளிப்பட முறையாலும் ஆக்கப்படுவதற்கு முன்னர், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் பெரும்பாலும் மரத்தில் கையால் செதுக்கப்பட்டன. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் கற்பிக்கப்பட்ட தொழில்களுள் மரச்செதுக்கும் ஒன்று. அத்தொழிலை நூலச்சின் மைய இடத்திற்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் பியூவிக். அவரது வாழ்வை அறிவது, பழைய நூல்களிலுள்ள படங்களை நாம் பார்க்கும் முறையையும் மாற்றக்கூடியது.

இளமையும் சூழலும்

பியூவிக் 1753ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், நார்தம்பர்லாந்துப் பகுதியில் டைன் ஆற்றின் தென்கரையை அடுத்த செர்ரிபர்ன் என்னும் சிற்றூர் வீட்டில் பிறந்தார். தந்தையார் ஜான், குத்தகை நிலத்தில் உழுதவர்; சிறியதொரு நிலக்கரிச் சுரங்கத்தையும் நடத்தினார். எட்டு மக்களுள் மூத்தவரான தாமஸ், ஆற்றின் மறுகரையிலுள்ள ஓவிங்காம் ஊர்ப்பள்ளியில் பயின்றார். பாடத்தைவிடப் படமே அவரை ஈர்த்தது. கணக்கேட்டின் ஓரங்கள் நிறைந்தபின் கல்லறைக் கற்களிலும் தேவாலய முகப்பின் தரையிலும் வீட்டு அடுப்பங்கரைக் கற்களிலும் சுண்ணக்கட்டியால் வரைந்தார். வரைவதற்கு ஆசிரியர் எவரும் இலர். வயல், ஓடை, பனி, கால்நடை, வேட்டை நாய், ஊர் சுற்றும் இரவலர் ஆகியவையே அவர் கண்ட மாதிரிகள்.

கரும்பரப்பில் வெண்மையால் வரையும் இப்பழக்கம் அவரது பிற்காலத் தொழிலோடு ஒப்புநோக்கத்தக்கது. சாணம் மெழுகிய தரையில் மாக்கோலம் இடுவோர் இருளிலிருந்து ஒளியை எடுப்பதுபோல, அவரும் கருங்கல்லில் வெண்கோட்டால் உருவங்களை எழுப்பினார். மரக்கட்டையிலும் அவர் செய்தது இதனை ஒத்ததே.

பீல்பியின் பட்டறை

1767ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், பதினான்கு வயதில், நியூகாசிலில் செதுக்குத்தொழில் நடத்திவந்த ரால்ஃப் பீல்பியிடம் ஏழாண்டுக் காலப் பயிற்சியாளராகப் பியூவிக் சேர்க்கப்பட்டார். தூய நிக்கோலஸ் தேவாலய வளாகத்தை ஒட்டிய அப்பட்டறையில் வெள்ளிக் கலங்கள், கடிகார முகப்புகள், கதவுத் தகடுகள், முத்திரைகள், வாள்கள் எனப் பல பொருள்கள் செதுக்கப்பட்டன. மரவேலை பீல்பிக்கு உவப்பானதன்று. அவ்வகை வேலை வந்தால் அதனைப் பயிற்சியாளரிடம் தள்ளிவிடுவார். அவ்வாறு தள்ளப்பட்ட பணியே பியூவிக்கின் வாழ்க்கைப் பணியாயிற்று.

நியூகாசில் பள்ளியாசிரியரும் கணித அறிஞருமான சார்லஸ் ஹட்டன் தம் அளவையியல் நூலுக்கு வடிவியல் வரைபடங்கள் வேண்டினார். 1770இல் நூலாக நிறைவுற்ற அப்பணியில் கட்டைகளைச் செதுக்கியவர் பியூவிக். வடிவியல் வரைபடத்தில் கோடு சிறிதும் பிசகலாகாது. அச்சில் கருமையாகத் தெரியவேண்டிய கோட்டின் இருபுறமும் மரத்தை அகற்றி, கோட்டை மட்டும் மெல்லிய வரப்பாக நிறுத்தவேண்டும். இருபுறத்தையும் ஒரே இழுப்பில் சீவும் இருமுனைக் கருவி ஒன்றை அவர் இதற்கென ஆக்கிக்கொண்டார். கருவி தொழிலுக்குப் பொருந்தாவிடில் கருவியையே மாற்றும் இவ்வியல்பு இறுதிவரை அவரிடம் இருந்தது.

குறுக்குவெட்டும் வெண்கோடும்

பியூவிக்கின் தொழில்நுட்பத்தை விளங்கிக்கொள்ள, மரத்தில் அச்சுக்கட்டை ஆக்கும் இருமுறைகளை வேறுபடுத்தல் வேண்டும். பழைய முறையில் பலகை மரத்தின் நீளவாக்கில் அறுக்கப்படும். நாரின் போக்கில் கத்தி எளிதில் ஓடும். நாரைக் குறுக்கிடும்போது மரம் சிம்புவிடும். ஆதலின் கோடுகள் தடித்தே அமையும். மற்றொரு முறையில் அடிமரத்தைக் குறுக்காக அறுத்து, அவ்வெட்டுமுகத்தை இழைத்து மெருகேற்றிச் செதுக்குவர். நார்களின் முனைகளே மேற்பரப்பாவதால் எத்திசையிலும் உளி ஒரே சீராகச் செல்லும். அடர்ந்த நாருடைய பாக்ஸ் மரமே இதற்கு ஏற்றது. செப்புத் தகட்டில் பயன்படும் கூர்முனை உளியையே இதிலும் பயன்படுத்தலாம். குறுக்குவெட்டில் செதுக்குவதை முதலில் கையாண்டவர் பியூவிக் அல்லர். அதன் முழு ஆற்றலையும் நூலச்சில் வெளிக்கொணர்ந்தவர் அவரே எனலாம்.

செப்புத் தகட்டு அச்சில் மை பள்ளத்தில் தங்கும். ஈரத்தாளை உருளைப்பொறியில் மிகுந்த அழுத்தத்துடன் செலுத்தி அம்மையை எடுக்கவேண்டும். எழுத்து மேட்டிலும் படம் பள்ளத்திலும் மை ஏற்பதால் இரண்டையும் ஒருங்கே அச்சிட இயலாது, படத்தாள் தனியே அச்சிடப்படும், செலவும் மிகும். மரக்கட்டையிலோ ஈய எழுத்துகளில்போல மேடே மை ஏற்கும். கட்டை எழுத்தின் உயரத்திற்கு, அதாவது ஏறத்தாழ 23 மில்லிமீட்டருக்கு, இழைக்கப்பட்டால் எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் ஒரே இழுப்பில் அச்சாகும். எளிய விலையில் படநூல் கிடைப்பதற்கு இதுவே அடிப்படை.

செதுக்காத கட்டையை அப்படியே அச்சிட்டால் கருஞ்சதுரம் கிடைக்கும். உளி செல்லும் ஒவ்வோர் இழுப்பும் ஒரு வெண்கோடு. கறுப்பு மைக்கோட்டால் வரைந்த படத்தைப் பின்பற்றி அதன் இருபுறமும் மரத்தைக் களைவது நகலெடுப்போரின் வழி. பியூவிக்கின் வழி இதற்கு மாறானது. இறகின் ஒளிபடும் விளிம்பு, ஓடையின் மினுக்கம், பனி படிந்த கிளை ஆகியவற்றை நேரே வெண்கோடாக உளியால் வரைந்தார். வரைதலும் செதுக்குதலும் அவரிடத்தில் ஒரே செயலாயின.

இலண்டன் பயணமும் மீட்சியும்

பயிற்சிக்காலம் 1774இல் முடிந்தது. கதை நூலொன்றுக்குச் செதுக்கிய கட்டைகளுக்காக இலண்டன் கலைக்கழகம் அவருக்கு ஏழு கினி பரிசளித்தது. பதக்கத்தை விடுத்துப் பணமாகப் பெற்று அதனைத் தாயாரிடம் அளித்து மகிழ்ந்தார். 1776இல் ஸ்காட்லாந்து மலைப்பகுதிகளில் நெடுந்தொலைவு நடந்து திரும்பியபின், தொழில் தேடி இலண்டன் சென்றார். வேலை கிடைத்தது; மனம் ஒன்றவில்லை. பெருநகரின் செல்வமும் வறுமையும் அருகருகே நிற்பது அவரை உறுத்தியது. 1777இல் நியூகாசிலுக்கே மீண்டு, பீல்பியின் பங்காளியானார். தம்பி ஜான் அப்பட்டறையில் பயிற்சியாளரானார்.

அடுத்த சில ஆண்டுகள் வாரந்தோறும் ஆற்றோரமாக நடந்து செர்ரிபர்ன் சென்று பெற்றோரைக் கண்டுவருதல் அவர் வழக்கம். வெள்ளத்திலும் பனியிலும் மேற்கொண்ட அந்நடைகளில் கண்ட காட்சிகளின் சாயலைப் பிற்கால நூல்களில் இயல்முடிவில் இடம்பெற்ற சிறுபடங்களில் காணலாம். பெற்றோர் இருவரும் 1785இல் மறைந்தனர். மறு ஆண்டு ஓவிங்காமைச் சேர்ந்த இசபெல்லா எலியட்டை மணந்தார்.

விலங்கு நூல்

சிறுவயதில் தாம் கண்ட விலங்கு நூல்களின் படங்கள் உயிரற்றவை என்னும் மனக்குறை பியூவிக்கிற்கு நெடுநாள் இருந்தது. பீல்பியோடும் அச்சகத்தார் சாலமன் ஹாட்ஜ்சனோடும் கூட்டுச்சேர்ந்து, நாற்கால் விலங்குகள் குறித்த நூலொன்றைத் திட்டமிட்டார். உரைப்பகுதி பீல்பியுடையது, படங்கள் பியூவிக்குடையவை. அதன் முதற்கட்டையாக ஒட்டக உருவத்தை 1785 நவம்பர் 15ஆம் நாள் செதுக்கினார். அவர் தந்தையார் இறந்த நாளும் அதுவே. பகலில் பட்டறையின் அன்றாடப் பணி, இரவில் விலங்குக் கட்டைகள் என ஐந்தாண்டுகள் கழிந்தன. 1790இல் நூல் வெளிவந்தது. 1824க்குள் எட்டுப் பதிப்புகள் கண்டது.

நேரில் பார்த்த விலங்குகளும் பிறர் படங்களை நோக்கிச் செதுக்கியவையும் அந்நூலில் ஒருங்கே உள்ளன. நாயும் ஆடும் குதிரையும் உயிர்த்துடிப்புடன் நிற்க, தொலைநாட்டு விலங்குகள் சில விறைத்து நிற்கின்றன. இக்குறையை மறைத்துப் பேசத் தேவையில்லை. கண்டதைச் செதுக்குகையிலேயே அவர் கை முழுமை பெற்றது என்பதற்கு அந்நூலே சான்று.

மையும் அழுத்தமும்

அக்கால அச்சு மை, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் புகைக்கரியைக் குழைத்து ஆக்கப்பட்டது. தோலால் மூடி உள்ளே கம்பளிமயிர் திணித்த கைப்பிடியுள்ள மைப்பந்துகள் இரண்டில் மையைத் தொட்டு, ஒன்றோடொன்று தேய்த்துப் பரப்பி, எழுத்தின்மேலும் கட்டையின்மேலும் ஒற்றுவர். நனைத்துப் பதமாக்கிய தாளை மேலிட்டுக் கைப்பொறியின் நெம்புகோலை இழுப்பர். எழுத்துக்கு இம்முறை போதுமானது. நுண்ணிய வெண்கோடுகள் நெருங்கிய கட்டைக்கோ இது இடர் மிக்கது. மை சற்றே மிகுந்தால் வெண்கோடுகள் அடைபட்டுப் படம் கறுத்துவிடும். குறைந்தால் கரும்பகுதி வெளிறும். தாளின் பின்னுள்ள மெத்தை மென்மையாயின் தாள் பள்ளத்துள் அமிழ்ந்து அடியில் ஒட்டிய மையையும் எடுத்துவரும். கட்டையின் ஓரங்கள் நடுப்பகுதியைவிட மிகுதியாக அழுந்தி, படத்தைச் சுற்றி முரட்டுக் கருமை தோன்றும்.

செதுக்குபவர் பட்டறையில் இருப்பார். மை இடுபவர் அச்சகத்தில் இருப்பார். முதல்வரின் பலநாள் உழைப்பை இரண்டாமவரின் ஒரு கணக் கவனக்குறைவு அழித்துவிடும். அச்சுத்தொழிலாளரோடு பியூவிக்கிற்கு அடிக்கடி கருத்து வேறுபாடு நேர்ந்ததன் காரணம் இதுவே. கருமை மிகவேண்டிய இடத்தில் தாளின் பின்னால் மெல்லிய தாள்துண்டுகளை ஒட்டி அழுத்தம் கூட்டுவது அச்சகத்தார் கையாளும் தீர்வு. அது அச்சிடுபவரின் பொறுமையையும் கைத்திறனையும் பொறுத்தது. அச்சு மாறும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யவேண்டியது.

பியூவிக் வேறொரு தீர்வை நாடினார். செதுக்கத் தொடங்குமுன், வானம், தொலைமலை, நீர்ப்பரப்பு முதலிய மங்கலாகத் தோன்றவேண்டிய பகுதிகளையும் படத்தின் ஓரங்களையும் கட்டையின் மேற்பரப்பிலிருந்து சிறிதளவு சுரண்டித் தாழ்த்தினார். தாழ்ந்த பரப்பின்மேல் கோடுகள் செதுக்கப்பட்டன. அச்சிடும்போது அப்பகுதி குறைந்த மையும் குறைந்த அழுத்தமும் பெறுவதால், ஒரே கறுப்பு மை அங்கே சாம்பல் நிறமாக விழுகிறது; முன்னிற்கும் பறவை முழு உயரத்தில் நின்று அடர்கருமை பெறுகிறது. எவ்வளவு தாழ்த்துவது என்பதில்தான் திறம் உள்ளது. கூடுதலாகத் தாழ்த்தினால் கோடுகள் அச்சாகா. குறைவாகத் தாழ்த்தினால் வேறுபாடு தோன்றாது. இத்தகைய முயற்சிகள் முன்னரும் சில இருந்திருப்பினும், அதனைத் தம் செதுக்குமுறையின் அடிப்படையாக்கியவர் அவரே.

தாழ்த்துதல் கோடுகளின் உடைவைக் குறைக்கவும் உதவியது. தனித்து நிற்கும் மெல்லிய கோடுகள் முழு அழுத்தத்தையும் தாங்கினால் விரைவில் நசுங்கும். சூழவுள்ள உயர்ந்த பகுதி பளுவை ஏற்றால் அவை காக்கப்படும். நியூகாசில் செய்தித்தாள் ஒன்றுக்குத் தாம் செதுக்கிய சிறுகட்டையொன்று ஒன்பது இலட்சம் முறைக்குமேல் அச்சேறியும் பயன்பட்டதென அவர் தம் வாழ்க்கைக் குறிப்பில் பதிவு செய்துள்ளார்.

பிளந்த கட்டை

மரத்தின் உறுதிக்கு எல்லை உண்டு என்பதையும் அவர் வாழ்வே காட்டுகிறது. இயற்கை ஆர்வலர் மார்மடியூக் டன்ஸ்டாலின் வேண்டுகோளுக்கிணங்க, சில்லிங்காம் பூங்காவில் காட்டுநிலையில் வாழ்ந்த வெண்ணிறக் காளையை 1789இல் பெரியதொரு கட்டையில் செதுக்கினார். மரங்களிடையே மறைந்து நின்று மந்தையை நோக்கி எடுத்த குறிப்புகளைக் கொண்டு உருவான அப்படத்தைத் தம் சிறந்த ஆக்கங்களுள் ஒன்றாகக் கருதினார். பதனிட்ட தோலிலும் தாளிலும் மிகச் சில படிகளே அச்சாகியிருந்த நிலையில், வெயில் படும் இடத்தில் விடப்பட்ட கட்டை பிளந்தது. மையிட்டுக் கழுவிய மரம் ஈரமும் வெப்பமும் மாறிமாறி ஏற்கையில் நார்களிடையே விரிசல் காண்பது இயல்பு. பின்னர்க் கட்டை இறுக்கிப் பிணைக்கப்பட்டு மீண்டும் அச்சேறியது. பிளவுக்குமுன் எடுக்கப்பட்ட படிகளே அரும்பொருளாயின.

பதிப்பாய்வாளருக்கு இந்நிகழ்வில் ஒரு செய்தி உண்டு. கட்டையில் தோன்றும் விரிசலும் தேய்வும் மறைவதில்லை. ஆண்டு குறிக்கப்படாத இருபடிகளுள் எது முந்தியது என அறியப் படத்திலுள்ள விரிசல் துணைநிற்கும்.

பறவை நூலும் பெயருரிமையும்

விக்லிஃப் ஊரில் மறைந்த டன்ஸ்டாலின் தொகுப்பிலிருந்த பாடமிட்ட பறவைகளைக் கண்டு பியூவிக் 1791இல் வரைந்தார். பஞ்சடைத்த உடலில் பறவையின் இயல்பான நிலை கிட்டாது என உணர்ந்து, பல கட்டைகளுக்கு உயிருள்ளவற்றையும் புதிதாக வீழ்த்தப்பட்டவற்றையும் நாடினார். நிலப்பறவைகள் பற்றிய முதல் தொகுதி 1797இல் வெளிவந்தது.

அப்பொழுது பங்காளிகளிடையே பிளவு நேர்ந்தது. உரை எழுதிய தம் பெயரே ஆசிரியராகத் தலைப்புப் பக்கத்தில் இடம்பெறவேண்டும் எனப் பீல்பி விரும்பினார். செய்திகளைத் திருத்தியும் சேர்த்தும் உதவிய பியூவிக் அதனை ஏற்கவில்லை. நண்பர்கள் நடுவுநின்று பேசியபின், ஆசிரியர் பெயரின்றி, படங்கள் பியூவிக்கால் மரத்தில் செதுக்கப்பட்டவை என்னும் குறிப்போடு நூல் வெளிவந்தது. முப்பதாண்டுத் தொடர்பு அதனோடு முறிந்தது. நீர்ப்பறவைகள் பற்றிய இரண்டாம் தொகுதியின் உரையைப் பாதிரியார் ஹென்றி கோட்ஸின் உதவியோடு பியூவிக்கே எழுதி 1804இல் வெளியிட்டார். அதன் அச்சகமும் மாறியது. எட்வர்ட் வாக்கர் அதனை அச்சிட்டார். சார்லட் பிராண்டியின் 1847ஆம் ஆண்டு நாவலான ‘ஜேன் அயர்’ தொடங்கும்போது, தலைவியின் மடியில் இருப்பது பியூவிக்கின் இப்பறவை நூலே.

பெயருரிமைக்காக வாதிட்ட அவரது பட்டறையிலேயே பிறர் உழைப்பும் கலந்திருந்தது. தம்பி ஜான் 1795இலேயே மறைந்தார். ராபர்ட் ஜான்சன் வரைந்த வண்ணப்படங்கள் சில இயல்முடிவுச் சிறுபடங்களுக்கு மூலமாயின. லூக் கிளென்னல் இரண்டாம் தொகுதியின் சிறுபடங்கள் பலவற்றைச் செதுக்கினார். 1818இல் வெளியான ஈசாப் கதை நூலில் வரைவு பியூவிக்குடையதாயினும் செதுக்கில் பெரும்பங்கு வில்லியம் ஹார்வி முதலிய மாணாக்கருடையது. ஆகவே ‘பியூவிக்’ என்பது ஒருவர் பெயராக நிற்பதோடு ஒரு பட்டறையின் பெயராகவும் கொள்ளத்தக்கது.

இறுதி முயற்சி

1812இல் கடும் நோயிலிருந்து மீண்ட பியூவிக், அவ்வாண்டே ஆற்றின் தென்கரையிலுள்ள கேட்ஸ்ஹெட்டுக்குக் குடிபெயர்ந்தார். 1822முதல் மகள் ஜேனின் வேண்டுகோளுக்கிணங்கித் தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதினார். அது அவர் மறைந்து நெடுங்காலம் கழித்து 1862இலேயே அச்சேறியது. மனைவி 1826இல் காலமானார்.

எழுபத்தைந்தாம் வயதில் அவர் மேற்கொண்ட இறுதிப்பணி, உழைத்துத் தேய்ந்து கைவிடப்பட்ட கிழக்குதிரை ஒன்று மழையில் சாவை எதிர்நோக்கி நிற்கும் பெரிய படம். எளியோரும் பார்க்கச் சுவரில் ஒட்டத்தக்க மலிவான தாளாக அதனை வழங்க எண்ணினார். ஒரே கட்டையின் தாழ்வுநிலைகளால் ஒளிநிழல் காட்டிய அவர், இம்முறை பல கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு அவ்விளைவை எட்டத் திட்டமிட்டார். முதற்கட்டையின் சரிபார்ப்புப் படிகளைக் கண்ட சில நாள்களில், 1828 நவம்பர் 8ஆம் நாள், இயற்கை எய்தினார். ஓவிங்காமில் மனைவியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். நிறைவுறாத அப்படத்தை மகன் ராபர்ட் 1832இல் வெளியிட்டார்.

முடிவுரை

பியூவிக்கின் வாழ்விலிருந்து பெறப்படும் முடிவுகள் மூன்று. அச்சுப்படம் கட்டையில் முடிந்துவிடுவதன்று; மையும் தாளும் அழுத்தமும் கூடியபின்னரே அது முழுமை பெறுகிறது என்பதை உணர்ந்து அவர் செதுக்கினார். அச்சிடுவோரின் கையில் இருந்த ஒளிநிழல் கட்டுப்பாட்டின் ஒரு பகுதியைக் கட்டையைத் தாழ்த்துவதன் மூலம் கட்டைக்குள்ளேயே அமைத்தார். அவர் பெயரால் வழங்கும் ஆக்கங்களில் மாணாக்கர், அச்சகத்தார் ஆகியோரின் உழைப்பும் அடங்கியுள்ளது.

மரச்செதுக்குப் படங்கள் கொண்ட பழைய தமிழ் நூல்களை ஆராய்வோருக்கும் இவை பயன்படும். ஒரு படம் மங்கலாக இருப்பது கட்டை தாழ்த்தப்பட்டதாலா, தேய்ந்ததாலா, மை குறைந்ததாலா எனப் பிரித்தறியும்போது, பெயர் பதிவாகாத செதுக்குநரின் திறமும் மையிட்டவரின் கையும் தனித்தனியே புலப்படத் தொடங்கும். நம் அச்சு வரலாற்றில் இன்னும் எழுதப்படாதிருக்கும் தொழிலாளரின் பங்கை எழுதுவதற்கு அதுவே தொடக்கமாகலாம்.